தையல் மேசையின் ஆழம் யாருடைய கையில் இருக்கிறது?

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனையிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது: உங்கள் உம்மா உட்பட 18 பெண்கள் இருந்து தைக்கும் கொட்டிலுக்குப் புதிய மேசைகள் செய்ய வேண்டும், ஓடாவியார் (தச்சர்) மேசையின் ஆழத்தை, அதாவது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரையான அளவைக் கேட்கிறார், வெளிநாட்டு அட்டவணையொன்றில் ‘கை எட்டும் தூரம்’ என்று போட்டிருக்கும் எண்ணை அவரிடம் கொடுக்கலாமா, இல்லையேல் நீங்களே அளக்க வேண்டுமா, அளப்பதானால் எப்படி அளப்பது? வீட்டிலுள்ள கைத்தறிக்கும் அதே அளவு பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களே அளக்க வேண்டும் என்பதுதான் என் பதில். 18 பேரை அளக்க ஒரு முற்பகல் போதும். அந்த ஒரு முற்பகலைச் சேமிப்பதற்காக, பத்து வருடம் இருக்கப்போகும் மேசையை வேறு நாட்டார் உடம்புக்குச் செய்வது நியாயமில்லை. பிரித்தானிய வயது வந்தோருக்காக நெடுங்காலம் பயன்பட்டு வரும் அட்டவணையில், முதுகு சாய்ந்த சுவரிலிருந்து முன்னே நீட்டிய கையின் பிடி வரையான தூரம், பெண்களில் நடுத்தரமானவருக்கு 70.5 சென்ரிமீற்றர், குறுகிய கை உள்ளவருக்கு 65; ஆண்களில் நீண்ட கை உள்ளவருக்கு 83.5. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் அது உங்கள் கொட்டிலில் இருப்பவர்களின் அளவு அல்ல. இலங்கைத் தொழிலாளரின் உடல் அளவுகளை மற்ற நாட்டாரின் அளவுகளோடு ஒப்பிட்டு அபேசேகர, ஷாநவாஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, இறக்குமதியாகும் பொருட்கள் நம்மவருக்குப் பொருந்தாமற்போவதற்கு இந்த வேறுபாடு ஒரு காரணம் என்பதையே எடுத்துப் பேசியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் இந்தத் தவறைச் செய்யும் இடத்தில் இருந்தேன். அச்சடித்த அட்டவணையைப் பார்த்து, வெட்டிய துணித் துண்டுகளுக்கான தட்டை மேசையின் பின் விளிம்பில் வைக்கச் சொன்னோம். ஒவ்வொரு துண்டுக்கும் பெண்கள் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பி எடுத்தார்கள். எங்களிடம் யாரும் முறையிடவில்லை. மாலையில் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

அளப்பதற்கு முன்னர் ஒரு விதியை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். முழம் என்பது முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை. பூ வாங்கப் போகிறவருக்கு நீண்ட கை உடையவர் முழம் போட்டால் இலாபம். மேசைக்கு இது தலைகீழ். எட்டிப் பிடிக்க வேண்டிய தூரத்தைக் குறுகிய கைக்காரர் தீர்மானிக்கிறார். அவருக்கு எட்டினால் நீண்ட கைக்காரருக்கும் எட்டும். இடைவெளியைப் பெரிய உடம்புக்காரர் தீர்மானிக்கிறார். அவருடைய தொடை மேசைக்குக் கீழே நுழைந்தால் மற்ற எல்லோருடையதும் நுழையும். நடுத்தர ஆளுக்கென்று செய்த மேசையில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குப் பொருள் எட்டாது. சராசரியை எடுத்து ஓடாவியாரிடம் கொடுத்துவிடுவதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

இனி அளக்கும் முறை. தட்டையான, மெத்தையில்லாத முக்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அடியில் பலகைக் கரை துருத்தாத சுவராக இருக்க வேண்டும், அல்லது நிமிர்த்திக் கட்டிய பிளைவுட் பலகை போதும். தூக்குக் குண்டு விட்டு அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கப்படுபவர் பின்புறம் சுவரில் படும்படி நன்றாகப் பின்னே தள்ளி இருக்க வேண்டும். இரு தோட்பட்டை எலும்புகளும் சுவரில் பட வேண்டும். பாதங்கள் நிலத்தில் முழுதாக ஊன்றியிருக்க, தொடைகள் கிடையாக இருக்க வேண்டும். கால் எட்டாதவருக்குப் பலகைத் துண்டு வைத்துக் கொடுங்கள். வேலை செய்யும்போது அணியும் உடையிலேயே அளப்பது நல்லது, ஏனெனில் அபாயாவின் கையும் முந்தானையும் எட்டும் தூரத்தைச் சற்றே மாற்றும். அளப்பவர் பெண்ணாக இருக்கட்டும். தோள் எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், எதற்காக எங்கே தொடப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லி, சம்மதம் கேட்டு, தாளில் பெயர் எழுதாமல் இலக்கம் மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஏழு அளவுகள் போதும். இருக்கை மட்டத்திலிருந்து தோளின் மேல் எலும்பு வரையான உயரம் முதலாவது. கழுத்தெலும்பின் வழியே விரலை வெளிப்புறமாக நகர்த்திச் சென்றால், தோள் சரியத் தொடங்குமுன் தட்டையான ஒரு மேடு கைப்படும், அதுதான் அந்தப் புள்ளி. முழங்கையைச் செங்கோணமாக மடித்து விலாவோடு தொங்கவிட்டு, இருக்கையிலிருந்து முழங்கையின் அடி வரை அளப்பது இரண்டாவது. மூன்றாவது, சுவரிலிருந்து தோள் எலும்புப் புள்ளி வரையான கிடைத் தூரம். நான்காவதுதான் நீங்கள் கேட்ட கை எட்டும் தூரம்: கையைத் தோள் மட்டத்தில் நேரே முன்னே நீட்டி, நிமிர்த்திப் பிடித்த ஒரு பென்சிலைக் கைக்குள் பற்றச் சொல்லி, சுவரிலிருந்து அந்தப் பென்சில் வரை அளக்க வேண்டும். ஐந்தாவது, அதே நிலையில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த நுனி வரை. ஆறாவது, மடித்த முழங்கையின் பின்புறத்திலிருந்து பிடி வரை. ஏழாவது, சுவரிலிருந்து வயிற்றின் முன்புறம் வரை. மேசைக்குக் கீழே இடம் விடுவதற்காகப் பெரிய உடம்புக்காரர்களின் தொடைத் தடிப்பை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் விரல் நுனிக்கும் ஏன் தனித்தனி அளவு என்று ஓடாவியார் கேட்கக்கூடும். வயது வந்த பெண்ணொருவரின் கையில், பற்றும் பிடியின் நடுவுக்கும் நடுவிரல் நுனிக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் இருக்கிறது. சுவிட்ச் ஒன்றைத் தட்ட விரல் நுனி போதும். நூற்கட்டையை எடுக்க இரு விரல் சேர வேண்டும். கத்தரிக்கோலை எடுக்க முழுக் கையும் பற்ற வேண்டும். ஒரே மேசையில் மூன்று தூரங்கள் இருக்கின்றன. கட்டைவிரல் வரை அளந்த எண்ணை வைத்துக் கத்தரிக்கோலுக்கு இடம் ஒதுக்கினால் ஒவ்வொரு முறையும் தோள் முன்னே தள்ளப்படும்.

தோள் முன்னே தள்ளப்படுவதுதான் அளக்கும்போதும் வரும் முதற் பிழை. “கையை நீட்டுங்கள்” என்றால் நம் மக்கள் மரியாதைக்காக முடிந்த மட்டும் நீட்டுவார்கள், தோட்பட்டை சுவரை விட்டு எழும்பும், அளவு கூடிவிடும். ஆகவே ஒரு கையால் தோட்பட்டைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தாள் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாள் இழுபட்டு வந்துவிட்டால் தோள் நகர்ந்துவிட்டது, மறுபடி அளக்க வேண்டும். தோள் வலி உள்ள மூத்தவர்களை வற்புறுத்தக் கூடாது. அவருக்கு நோகாமல் எட்டும் தூரம் எதுவோ அதுவே அவருடைய அளவு. அதைச் ‘சரியில்லாத அளவு’ என்று தள்ளிவிடாதீர்கள், ஏனெனில் அந்த மேசையில் இருக்கப்போகிறவர் அவரேதான்.

ஒவ்வோர் அளவையும் இரண்டு தடவை, இடையில் வேறு ஒருவரை அளந்துவிட்டு, முந்திய எண்ணைப் பார்க்காமல் எடுங்கள். இரண்டுக்கும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவை அளக்க வேண்டும். இதையே ஆய்வாளர்கள் கணக்காகச் செய்வார்கள்: ஒவ்வொருவருக்கும் வந்த வித்தியாசத்தை வர்க்கித்துக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அளப்பவரின் பிழை அளவு கிடைக்கும். தையல் நாடா நாள்பட இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால், ஓடாவியாரின் இரும்பு டேப்பையே பயன்படுத்துங்கள்.

இப்போது பலரும் எதிர்பாராத பகுதிக்கு வருகிறேன். சுவரில் அளந்தபோது ஒருவருக்கு 64 சென்ரிமீற்றர் வந்தது என்றால், அந்தத் தூரம் முழுவதும் மேசை மேல் கிடைக்காது. தோள் மேசைக்கு மேலே இருக்கிறது, அதோடு மேசை விளிம்புக்குப் பின்னாலும் இருக்கிறது. ஆகவே கை சரிந்து இறங்கித்தான் மேசையைத் தொடுகிறது. உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து பிடி வரை 64, சுவரிலிருந்து தோள் வரை 10, ஆகவே தோளிலிருந்து பிடி வரை 54. இருக்கையிலிருந்து தோள் 52, மேசை 24. எனவே மேசைக்கு மேல் தோளின் உயரம் 28. இது பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்: 54-இன் வர்க்கம் 2916, அதிலிருந்து 28-இன் வர்க்கமான 784-ஐக் கழித்தால் 2132, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 46. இது தோளுக்கு நேர்கீழிருந்து எண்ணிய தூரம். வயிற்றின் முன்புறம் சுவரிலிருந்து 23, மேசைக்கும் வயிற்றுக்கும் 3 சென்ரிமீற்றர் இடைவெளி என்றால், மேசை விளிம்பு சுவரிலிருந்து 26-இல் இருக்கிறது; தோள் அந்த விளிம்புக்கு 16 சென்ரிமீற்றர் பின்னே இருக்கிறது. 46-இல் 16 போக மிஞ்சுவது 30. சுவரில் 64 சென்ரிமீற்றர் எட்டிய அதே பெண்ணுக்கு, முதுகைச் சாய்மானத்திலிருந்து எடுக்காமல், மேசை விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர்தான் எட்டுகிறது. அட்டவணையின் எண்ணை மேசையின் ஆழம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் பிழை விடுகிறார்கள்.

இதே கணக்கு வேறு இரண்டையும் காட்டுகிறது. மேசையை 6 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் மேசைக்கும் தோளுக்கும் இடையிலான உயரம் 34 ஆகி, விளிம்பிலிருந்து எட்டும் தூரம் 26-ஆகக் குறைகிறது. தாழ்ந்த மேசையில் பொருளை இன்னும் கிட்ட வைக்க வேண்டும். அடுத்தது, தோளுக்கு நேரே அல்லாமல் சாய்வாக, நேருக்கும் பக்கத்துக்கும் நடுவே கையை வீசினால், விளிம்பிலிருந்து ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர் ஆழம்தான் எட்டும். அதாவது நீள்சதுர மேசையின் தூரத்து மூலைகள் இரண்டும் வேலைக்கு உதவாத இடம். அந்த மூலைகளுக்கும் சேர்த்துப் பலகைக்குக் காசு கொடுக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவற்றை விளக்குக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் விட்டுவிடுவேன்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் அதையே முதலில் சொல்வேன். பழைய மேசையொன்றைச் சரியான உயரத்துக்கு நிறுத்தி, மேலே பிறவுண் தாளை ஒட்டுங்கள். ஒவ்வொருவரையும் அவர் தைக்கும் கதிரையிலேயே இருத்தி, கையில் மார்க்கர் ஒன்றைக் கொடுத்து, முதலில் மேற்கையை விலாவோடு வைத்தபடி முன்கையை மட்டும் வீசி ஒரு வளைகோடு (உள்வளைவு) போடச் சொல்லுங்கள். பிறகு முதுகை எடுக்காமல் முழுக் கையையும் நீட்டி இரண்டாவது வளைகோடு (வெளிவளைவு). வலக் கைக்கும் இடக் கைக்கும் தனித்தனியே போட வேண்டும். 18 பேரின் கோடுகளும் ஒரே தாளில் வந்தபின், எல்லாவற்றிலும் உள்ளே நிற்கும் கோடு எதுவோ அதுதான் உங்கள் கொட்டிலின் எல்லை. இரு கைகளின் உள்வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டும் நடுப்பகுதி, இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்யும் இடம்; ஊசி அங்கே இருக்க வேண்டும். முன்னைய வேலை ஆய்வாளர்கள் முழங்கை ஒரே இடத்தில் நிற்பதாக எண்ணி உள்வளைவைச் சரியான வட்டத் துண்டாகவே வரைந்தார்கள். முன்கையை வெளியே வீசும்போது முழங்கையும் கூடவே நகர்கிறது என்பதை 1956-இல் ஸ்குயர்ஸ் என்பவர் எடுத்துக்காட்டி அந்த வளைவைத் திருத்தினார். தாளில் வரும் கோடு வட்டமாக இல்லையே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வட்டமாக இல்லாததே சரி.

18 பேர் மட்டும் என்றால் மிகக் குறுகிய கைக்காரரின் அளவையே எடுங்கள். விழுக்காட்டுக் கணக்கு இங்கே தேவையில்லை. பயிற்சிக்கென்று வருடா வருடம் வெவ்வேறு ஆட்கள் வந்துபோகும் இடமானால், அறுபது எழுபது பேரை அளந்து, சராசரியிலிருந்து நியம விலகலின் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் எண்) 1.645 மடங்கைக் கழிக்க வேண்டும். சராசரி 66, நியம விலகல் 3.2 என்று வந்தால் எல்லை 60.7, நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு அது எட்டும். இந்த அளவுகளுக்கு எலும்புப் புள்ளிகளையும் இருக்கும் நிலைகளையும் வரையறுக்கும் சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 7250. இன்னொருவரின் தரவோடு உங்கள் எண்களை ஒப்பிட விரும்பினால் மட்டும் அதைத் தேடிப் படியுங்கள்.

எதை எங்கே வைப்பது என்பதில், எத்தனை முறை கை போகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் வெட்டுத் துண்டுகள் உள்வளைவுக்குள் இடப்புறம் இருக்க வேண்டும். கத்தரிக்கோல், நூல் வெட்டி, உள்நூல் சுற்றிய பொபின்கள் இரண்டு வளைவுகளுக்கும் இடையில் இருக்கலாம். தைத்து முடிந்த கட்டுகளை வெளிவளைவின் ஓரத்தில் வைக்கக் கூடாது. ஒரு கை முழுவதும் உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 50 கிலோ எடையுள்ள பெண் வெறுங்கையை நீட்டினாலே இரண்டரைக் கிலோவைத் தோள் தாங்குகிறது. அதன் நுனியில் இரண்டு கிலோக் கட்டையும் வைத்தால், 25 சென்ரிமீற்றரில் பிடிப்பதற்கும் 50 சென்ரிமீற்றரில் பிடிப்பதற்கும் அந்தக் கட்டினால் தோளில் விழும் சுமை இரு மடங்கு வேறுபடும். மணிக்கு ஒரு தடவை தேவைப்படும் பெட்டியை மேசைக்கு வெளியே, எழும்பிப் போய் எடுக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். நாள் முழுதும் இருந்தபடி தைப்பவருக்கு அந்த எழும்புதல் நல்லது.

தையல் மெஷினுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கதிரையை மேசைக்கு எவ்வளவு கிட்டப் போடுவது என்பதைக் கை தீர்மானிப்பதில்லை, கால்மிதி தீர்மானிக்கிறது. மிதி தைப்பவர் பக்கமாக மிகவும் கிட்ட இருந்தால் முழங்கால் மடங்கி நோகும், ஆகவே பெண் கதிரையைப் பின்னே தள்ளுவாள். 8 சென்ரிமீற்றர் தள்ளினால், அந்த 8 சென்ரிமீற்றரும் அப்படியே கையின் எட்டலிலிருந்து கழிந்துவிடும். பிறகு முதுகு வளைந்து அந்தக் கடனை அடைக்கும். கை எட்டாத மேசை என்று கொண்டுவந்து காட்டியவற்றில் சிலவற்றை, பலகையில் எதையும் தொடாமல், மிதியை மட்டும் முன்னே நகர்த்தியே சரிசெய்திருக்கிறோம். ஆகவே மிதியை ஆணியால் இறுக்காமல் முன்பின் நகரும்படி துவாரங்கள் வரிசையாக விட்டு மாட்டச் சொல்லுங்கள். கர்ப்பிணியாக இருப்பவருக்கு மாதத்துக்கு மாதம் மேசை விளிம்பிலிருந்து தள்ளி இருக்க வேண்டிவரும் என்பதால், துணித் தட்டையும் நகரக்கூடியதாகச் செய்வது அவசியம்.

மேசையின் உயரத்தை முழங்கை மட்டத்திலோ, நுணுக்கமான தையலுக்கு அதற்குச் சற்று மேலாகவோ வையுங்கள். உயரத்தை மாற்ற முடியாத மேசையென்றால் உயரமானவருக்காகச் செய்துவிட்டு, குள்ளமானவருக்கு உயர்ந்த கதிரையும் காலுக்குப் பலகையும் கொடுப்பதே வழி.

தறிக்கு இந்த அளவு முழுதாகப் பொருந்தாது. நாடா (ஊடு நூலைக் கொண்டோடும் கட்டை) இழுக்கும் கையும், அந்த நூலை நெருக்கும் பலகையை அடிக்கும் கையும் போகும் தூரத்துக்கு மேலே சொன்ன வெளிவளைவு பொருந்தும். பலகை முன்னே போகும் எல்லையில் உங்கள் உம்மாவின் முதுகு இருக்கையை விட்டு முன்னே சாய்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், சாய்ந்தால் இருக்கைப் பலகையை முன்னே கொண்டுவாருங்கள். ஆனால் விழுதுகளுக்கு (பாவு நூல்களை ஏற்றி இறக்கும் நூற்கண்ணிகள்) அப்பால் பாவு நூல், அதாவது தறியின் நீளவாட்டு நூல், அறுந்தால், அதை இருந்த இடத்திலிருந்து முடிச்சுப் போட்டு முடிவது எந்தக் கைக்கும் எட்டும் வேலை அல்ல. நெசவாளர் தறியின் மேல் கவிழ்ந்து முடிவதை நாம் பழக்கம் என்று விட்டுவிடுகிறோம். முதுகு வலியை அங்கேதான் தேட வேண்டும். பின்புறமாகச் சுற்றிப்போய் முடிவதற்கு, தறிக்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் நுழையும் வழி விடுவதே அதற்கான திருத்தம். அந்த வழியின் அகலத்தைக் கொட்டிலில் உள்ள மிகப் பெரிய உடம்புக்காரரை வைத்து அளக்க வேண்டும்.

ஓடாவியாரிடம் போகும்போது அங்குலத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும், 2.54 சென்ரிமீற்றர் ஓர் அங்குலம். எட்ட வேண்டிய தூரங்களைக் கீழ்நோக்கி அரை அங்குலத்துக்கு முழுமையாக்குங்கள், 30 சென்ரிமீற்றர் என்றால் பதினொன்றரை அங்குலம். கால், தொடை, வயிற்றுக்கான இடைவெளிகளை மேல்நோக்கி முழுமையாக்குங்கள். எல்லா மேசைகளையும் ஒன்றாகச் செய்யக் கொடுத்துவிடாமல் முதலில் ஒன்றை மட்டும் செய்வித்து, அளந்ததில் மிகக் குறுகிய கைக்காரரை அதில் ஒரு கிழமை தைக்கவிடுங்கள். அவர் கதிரையை எங்கே நகர்த்துகிறார், எதை எடுக்க முதுகை எடுக்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டு அந்தத் தாளோடு மற்ற பதினேழையும் செய்யக் கொடுங்கள்.